கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? – தேள் சின்னம் போட்ட காரின் கதை

புனேயிலிருந்து சேலத்துக்குக் காரில் போவதென்றால் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். வருஷத்துக்கு ஒரு முறையாவது போய்விடுவோம். சென்ற பொங்கலுக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது வண்டியின் முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறினால் ஒரு டொக், இறங்கினால் ஒரு டொக். ரேடியோவைச் சத்தமாக வைத்து ரெண்டு நாள் சமாளித்தேன். மூணாம் நாள் தங்கமணி கண்டுபிடித்துவிட்டார்.

“கீழ என்னமோ ஆடுதுங்க. இதுலயா பசங்கள வெச்சிக்கிட்டு கம்பாட்கி காட் ஏறப் போறீங்க?”

நியாயமான கேள்வி. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். (எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.) முன்பக்க ஸ்ட்ரட் ரெண்டு, மேல் மவுண்ட் ரெண்டு, லோயர் ஆர்ம் ரெண்டு, லிங்க் ராட் ரெண்டு, டயர் ரெண்டு என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் பெரியவளின் வருஷ ஸ்கூல் ஃபீஸுக்குக் கிட்டத்தட்ட வந்தது. சாமான் வர மூன்று வாரம் ஆகுமாம். இத்தனைக்கும் அந்தக் கார் தயாரான தொழிற்சாலை இருக்கும் ராஞ்சன்காவ், என் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான்.

வண்டி என்னவென்று சொல்லவில்லையே. அபார்த் புன்ட்டோ. 2015 அக்டோபரில் ஃபியட் இந்தியாவில் விட்ட சின்ன ராட்சசன். 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதா புன்ட்டோவைவிடத் தாழ்த்தி இறுக்கிய சஸ்பென்ஷன், மூக்கில் தேள் சின்னம். அறிமுக விலை டெல்லியில் 9.95 லட்சம். அந்த விலைக்கு அவ்வளவு வேகம் அப்போது வேறு எந்தக் காரிலும் இல்லை. மூளை வேண்டாம் என்றது, மனசு வாங்கு என்றது. வழக்கம்போல மனசுதான் ஜெயித்தது.

“கம்பெனியில் விடலாமா, வெளியில் விடலாமா?” என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நானே மாட்டிக்கொண்டதால் கொஞ்சம் உட்கார்ந்து பழைய கதையைத் தோண்டினேன். தோண்டத் தோண்ட, கேள்வியே நாம் நினைப்பதுபோல இல்லை என்று தெரிந்தது. 

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். என் பெரியப்பா பம்பாய் மாட்டுங்காவில் இருந்தார். ரயில்வே வேலை. ஓய்வுபெறும் சமயத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு பத்மினி வாங்கினார். கோடை விடுமுறைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு ஒரே வேடிக்கைதான்: கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் நடைபாதையோரம் கடை போட்டிருந்த மெக்கானிக், வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, கிரீஸ் கன்னால் ஒவ்வொரு நிப்பிளாக கிரீஸ் அடிப்பார். பழைய கறுப்பு கிரீஸ் வழிந்து, புதுசு பழுப்பாக எட்டிப் பார்க்கும்வரை. பெரியப்பா பக்கத்தில் நின்று எண்ணுவார், ஒன்றை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தப் பத்மினி வேறொன்றுமில்லை, 1953-ல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100தான். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லா தொழிற்சாலையில் அதைச் செய்தது. 1970-களில் பெயர் பிரீமியர் பிரசிடென்ட் என்றும் பிறகு பத்மினி என்றும் மாறியதே தவிர, அடியில் இருந்த எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. முன்னால் மேலும் கீழுமாக ரெண்டு விஷ்போன், நடுவில் சுருள் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக் அப்சார்பர், சக்கரம் திரும்புவதற்கு கிங் பின். பின்னால் லாரியில் இருப்பதுபோல ஸ்பிரிங் பட்டை.

இங்கே ஒரு விஷயம். ஷாக் அப்சார்பர் என்ற பெயரே தப்பு. பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடுகிறது. ஆடி முடிக்காத ஸ்பிரிங் இருக்கும் காரில் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் குதித்துக்கொண்டிருக்கும். அப்போது பிரேக் அடித்தாலும் பிடிக்காது, ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. சஸ்பென்ஷன் என்றால் இடுப்பு வலிக்காமல் இருப்பதற்கு என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். உண்மையில் அது உயிர் விஷயம்.

இதையெல்லாம் முறையாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயர். ரோல்ஸ் ராய்ஸில் இருந்தவர், 1930-ல் அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போனார். ஒரு காரில் எடைகளை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்து ஓட்டி ஓட்டிப் பார்த்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெத்தென்று இருந்தால்தான் கார் தலையாட்டாமல் போகும் என்று நிறுவினார். அவர் வேலையின் பலனாக 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு வந்தது.

மறுபடி மாட்டுங்காவுக்கு வருவோம். பத்மினி காலத்தில் ‘கம்பெனியா வெளியா’ என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஏன்? ஷாக் போனால் ஷாக்கை மட்டும் கழற்றலாம். புஷ் போனால் அதை மட்டும் தட்டி எடுத்து மாற்றலாம். உள்நாட்டிலேயே சாமான் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், முலுண்டில் கேப்ரியல் கம்பெனி 1961-ல் ஷாக் அப்சார்பருக்காகவே வந்தது. கம்பெனியில் என்ன கருவி இருந்ததோ கிட்டத்தட்ட அதே கருவி நடைபாதையிலும் இருந்தது. நாட்டில் மூன்றே மூன்று கார் கம்பெனி, புதுக் காருக்கு வருஷக் கணக்கில் காத்திருப்பு. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓடவைக்க வேண்டும். அதனால் எல்லாருமே ரிப்பேர் செய்தார்கள். மாற்றுவது என்பது கடைசி வழி.

நம்ம ஊரில் இது இன்னும் தலைகீழ். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு டிவிஎஸ் ஒர்க்‌ஷாப் என்றால் அது ஒரு பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுக் கருவி செய்து பஸ்ஸை ஓட்டியவர்கள் அவர்கள். அங்கே வேலை கற்றுக்கொண்டு வந்தவர் என்றால் வெளியில் கடை போட்டாலும் மரியாதையே தனி. அதாவது, டீலர் ஒர்க்‌ஷாப்தான் நிபுணர்களை உருவாக்கியது.

இந்தச் சமன்பாடு எங்கே உடைந்தது? என் கணக்கில், 1983 டிசம்பர் 14 அன்று. அன்றுதான் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அந்தக் காரின் முன்பக்கத்தில் இருந்தது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்.

ஏர்ல் மெக்ஃபர்சன் ஜெனரல் மோட்டார்ஸில் செவர்லே காடெட் என்ற சின்னக் காருக்காக உழைத்தவர். 1947-ல் கம்பெனி அந்தத் திட்டத்தையே கைவிட்டதும் வெறுத்துப்போய் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்ட் கான்சல், ஸெஃபிர் கார்களில் அவருடைய அமைப்பு பெரிய அளவில் உற்பத்திக்கு வந்தது. யோசனை ரொம்ப எளிமை: மேல் விஷ்போனைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஷாக் அப்சார்பரையே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாக ஆக்கிவிடுவது. ஸ்பிரிங் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். இடம் மிச்சம், காசு மிச்சம். இன்றைக்கு ரோட்டில் போகும் சின்னக் கார்களில் முக்கால்வாசிக்கு மேல் இதுதான்.

ஆனால் மெக்கானிக் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பு ஷாக் என்பது ஒரு உதிரிப் பாகம். இப்போது அது சக்கரத்தின் கோணத்தையே தீர்மானிக்கும் எலும்பு. ஷாக் மாற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். (அது நழுவினால் ஸ்பிரிங் ஆளையே அடித்துப் போட்டுவிடும்.) கழற்றி மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நடைபாதையில் சாக்கு விரித்துச் செய்கிற வேலை இல்லை இது. கம்பெனிக்காரர்களும் ‘மொத்தமாக அசெம்பிளியை மாற்று’ என்று எழுதி வைத்தார்கள். இன்ன வேலைக்கு இத்தனை மணி நேரம், இன்ன நம்பர் பாகம் என்று அட்டவணை. வாரண்டிக்கும் அது சௌகரியம், பிறகு ஏதாவது ஆனால் பொறுப்பும் தெளிவு. நான் கிண்டலாகச் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் விற்கிற வண்டிக்கு, நாடு பூராவும் ஒரே தரத்தில் வேலை நடக்க அதைவிட நல்ல வழி இல்லை. என் மாமனாரின் வேகன்-ஆரை நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனியில்தான் விடுவேன்.

அதன் விலை என்னவென்றால், ரிப்பேர் என்ற வித்தை டீலர் கடையிலிருந்து மெல்ல வெளியேறியது. அட்டவணையில் இருக்கும் காருக்கு அட்டவணை போதும். இல்லாத காருக்கு?

இங்கேதான் தேள் வருகிறது. கார்லோ அபார்த் 1908 நவம்பரில் வியன்னாவில் பிறந்தவர். ராசி விருச்சிகம், அதனால்தான் சின்னம் தேள். 1949-ல் இத்தாலியில் கடை தொடங்கினார். ரேஸ் கார்கள் செய்தாலும் சோறு போட்டது சைலன்சர் வியாபாரம். பிறகு ஃபியட் 600, ஃபியட் 500 போன்ற குடும்பக் கார்களை வேகமாக்குவதற்கு வேண்டிய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்றார். வாங்கிப் போய் உங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். அதாவது, இன்று நாம் ‘கம்பெனி’ என்று சொல்கிற அபார்த், பிறப்பால் ஒரு வெளி மெக்கானிக்! 1971-ல்தான் ஃபியட் அதை வாங்கியது.

இவர் ஒருவர் மட்டுமா? இங்கிலாந்தில் சர்பிட்டன் என்ற ஊரில் அப்பாவும் பிள்ளையுமாக கராஜ் நடத்தியவர்கள் கூப்பர்கள். 1961-ல் வந்த மினி கூப்பரில் இருப்பது அந்தப் பெயர்தான். காலின் சாப்மன் லோட்டஸைத் தொடங்கியது அப்பா நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்னால் இருந்த குதிரை லாயத்தில். 1967-ல் ரெண்டு ஜெர்மன் இன்ஜினியர்கள் ஒரு பழைய மாவு மில்லில் ஆரம்பித்த கடைதான் ஏஎம்ஜி, முப்பது வருஷம் கழித்து 1999-ல் அதன் பெரும்பங்கு பென்ஸ்காரர்கள் கைக்குப் போனது. வேகக் கார் என்கிற சரக்கின் பெரும்பகுதி, கம்பெனி செய்து கொடுத்தது போதாது என்று நினைத்த கராஜ்காரர்கள் கண்டுபிடித்தது. கம்பெனிகள் அவர்களை விலைக்கு வாங்கின. பெயரையும் சின்னத்தையும் ஷோரூமுக்குக் கொண்டுவர முடிந்தது. அந்தப் பழைய கராஜ்களில் இருந்த விரலும் காதும் கூட வந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறும்வரை ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூரில் கரிவரதன், மாருதி 800-ன் பாகங்களை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார். இன்ஜினை மாருதியிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ஒற்றை ஆள் உட்காரும் அந்தச் சின்ன வண்டிக்கு எந்த ஸ்பிரிங், எவ்வளவு உயரம், சக்கரம் எத்தனை சாய்வு என்று எந்தக் கம்பெனிப் புத்தகமும் சொல்லாது. ஓட்டிப் பார்த்து, டயரைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1995-ல் குட்டி விமான விபத்தில் அவர் போய்விட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

சரி, என் வண்டியின் டொக் டொக்குக்கு வருகிறேன்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பொங்கலுக்கு நாலு மாதம் முன்னால், இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருக்கும் என்ற ஆசையில், ‘பெர்ஃபார்மன்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெரிய போர்டு வைத்த ஒரு கராஜில் லோயரிங் ஸ்பிரிங் மாட்டினேன். (தங்கமணிக்கு ‘சர்வீஸ்’ என்று சொல்லியிருந்தேன் :)) கறுப்பு டீ-ஷர்ட் பையன்கள், பாட்டு, காபி எல்லாம் பிரமாதம். ரெண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆக, என் விஷயத்தில் முதல் குற்றவாளி கம்பெனி இல்லை. நான். ரெண்டாவது, அந்த ஸ்பெஷலிஸ்ட்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு நல்லது நடந்தது. லிஃப்ட்டில் தூக்கியதும் அங்கிருந்த பயிற்சிப் பையன் ஒருவன் டயரின் உள்பக்க ஓரத்தைத் தடவிக் காட்டினான். நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரிதான் இருந்தது. உள் ஓரத்தில் மட்டும் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, நூல் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதோடு ஹைவேயில் பசங்களை வைத்துக்கொண்டு நூறில் போயிருந்தால்! அந்தப் பையனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஏன் தேய்ந்தது என்று கேட்டால் மேனேஜரிடம் பதில் இல்லை. “நம்ம ஸ்பிரிங் இல்ல சார், எல்லாத்தையும் ஒரிஜினலா மாத்துங்க.” அட்டவணை அங்கே முடிந்துவிட்டது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் நானா பேட் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றார். நானா பேட், புனேயின் புதுப்பேட்டை. ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்றால் அங்கேதான். அறுபதைத் தாண்டிய மராத்திக்காரர். பத்மினியில் ஆரம்பித்து உனோ, பேலியோ என்று வாழ்க்கை முழுக்க ஃபியட் மட்டும்தான். எல்லாரும் காகா என்கிறார்கள், நானும் காகா என்றேன். போர்டு கிடையாது. ஆனால் உள்ளே குழியும் லிஃப்ட்டும் அலைன்மென்ட் மெஷினும் இருந்தன.

காகா முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தெரு சுற்றினோம். பிறகு தன் பையனை உட்காரவைத்து ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லி, லிங்க் ராடை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டார். “யஹ்” என்றார். டொக் அங்கேதான். லிங்க் ராடின் பால் ஜாயிண்ட் ஆடுகிறது. எஸ்டிமேட்டில் இருந்த எல்லாவற்றிலும் விலை குறைந்த சாமான் அதுதான்.

அப்புறம் லோயர் ஆர்ம் புஷ்ஷைக் காட்டினார். ரப்பர் ஓரமாகக் கிழிந்திருந்தது. “வண்டி தொங்கும்போதே போல்ட்டை டைட் பண்ணிட்டாங்க.” எனக்குப் புரியவில்லை, விளக்கினார். அந்த ரப்பர் புஷ் உருளுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அதுதான் தன்னுடைய சகஜ நிலை என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் வாழ்நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே இருக்கும். கொஞ்ச நாளில் கிழியும். அதனால் சக்கரத்தில் முழு எடையையும் இறக்கி வைத்த பிறகுதான் கடைசி இறுக்கு. இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

டயர் தேய்ந்ததற்குக் காரணம் ஸ்பிரிங் மட்டும் இல்லை. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரங்கள் உள்பக்கம் சாய்வதோடு, அவை நேராகப் பார்ப்பதும் மாறிவிடும். மேலிருந்து பார்த்தால் ரெண்டு முன்சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் லேசாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். தாழ்த்திய அன்றே அலைன்மென்ட் பார்த்திருக்க வேண்டும். போர்டு வைத்த கடையில் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து படித்ததில் இன்னொரு விஷயம் தூக்கிவாரிப் போட்டது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், கீழே இருக்கும் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். விளைவு, தாழ்த்திய கார் வளைவில் சாய ஆரம்பித்தால் முன்பைவிட அதிகமாகச் சாய வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங்கின் கடினத்தை வைத்து அதை மறைத்துவிடுகிறார்கள். வேகத்துக்காக நான் செய்தது வேகத்துக்கு எதிரான வேலை. ராஞ்சன்காவில் அபார்த்துக்கு உயரம் வைத்த இன்ஜினியர், தரைக்கும் காருக்கும் நடுவில் 155 மில்லிமீட்டர் விட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஷாக்குகள் நன்றாகவே இருந்தன. “இதைத் திறந்து ஆயில் போட்டு வெல்டிங் வைக்கலாமா?” என்று பத்மினி ஞாபகத்தில் கேட்டேன். காகா முறைத்தார். இப்போது வரும் ஷாக்குகள் பலவற்றில் ஆயிலோடு அழுத்தமான வாயுவும் இருக்கிறது. சூடானால் ஆயில் நுரைக்காமல் இருக்க, 1950-களில் தெ கார்பன் என்ற பிரெஞ்சுக்காரர் அதிக அழுத்தத்தில் வாயு அடைத்த ஷாக்கை உருவாக்கினார். பில்ஷ்டைன் கம்பெனி அதை வாங்கிச் செய்ய, 1957-ல் மெர்சிடிஸில் ஏறியது. அப்படி அடைத்த குழாயில் வெல்டிங் நெருப்பை வைத்தால் வெடிக்கும். வெளி மெக்கானிக் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்புகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பழைய ஸ்பிரிங் நாலையும் (நல்லவேளை, தூக்கிப் போடவில்லை) திரும்ப மாட்டினார். லிங்க் ராடும் புஷ்ஷும் காகாவுக்குத் தெரிந்த கடையில் மறுநாளே கிடைத்தன. டயர் ரெண்டு புதுசு. டயர் நீங்கலாகப் பார்த்தால், கம்பெனி எஸ்டிமேட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சாமான் கிடைத்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார்: கார் கம்பெனிகள் ஒரிஜினல் சாமானையும் கம்ப்யூட்டர் சோதனைக் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை, அதனால் நாங்கள் அவர்கள் சொன்ன விலைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்று. ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் என்று மூன்று கம்பெனியில் ஆரம்பித்த விசாரணை பல கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடியே 65 லட்சம் ரூபாய் அபராதம். சாமானையும் கருவிகளையும் வெளியில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் ரிப்பேர் செய்தால் வாரண்டியே போச்சு என்று பொத்தாம்பொதுவாக மிரட்டக் கூடாது என்றும் உத்தரவு. அபராதம் மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்தது வேறு கதை. ஆனால் வெளி மெக்கானிக்கிடம் போவது ஒன்றும் திருட்டு வேலை இல்லை என்று நாட்டில் ஒரு ஆணையம் எழுதி வைத்தது அப்போதுதான்.

2019-ல் ஃபியட் இந்தியாவில் புன்ட்டோவை நிறுத்தியபோது அந்த உத்தரவின் அருமை எனக்குப் புரியவில்லை. பெயருக்கு சர்வீஸ் இருந்தது, ஆனால் அந்த வண்டியில் கை வைத்துப் பழகிய ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கம்பெனி போன பிறகு ஒரு வேகக் காரை உயிரோடு வைத்திருப்பவர் காகா மாதிரி ஆட்கள்தான். காகாவின் மகன் புனேயில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறானாம். கூட இருக்கும் பையன் அக்கா மகன். அவன் கற்றுக்கொண்டால் உண்டு.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, வாரண்டி ஓடுகிறதா? அப்படியென்றால் கம்பெனி. ஏர்பேக், பிரேக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதா? அதுவும் கம்பெனிதான், நான் காகாவிடம்கூட அதைக் கொடுப்பதில்லை. ‘ஏன் சத்தம் வருகிறது’ என்ற கேள்விக்கு விடை வேண்டுமா? அப்போது ஓட்டிப் பார்க்காமல் எஸ்டிமேட் எழுதுகிற எந்த இடமும் வேண்டாம். வெளியில் எவ்வளவு பெரிய போர்டு இருந்தாலும் சரி. புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

போகிக்கு முந்தின நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். கம்பாட்கி காட்டில் ஏறும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பசங்கள் தூக்கம். தங்கமணி மட்டும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“பால்கனியில சாக்குல சுத்தி என்னமோ நாலு கெடக்குதே, என்னங்க அது?”